பானகம் கரைத்தவன்

சர்க்கரை நோய்ப் பிரிவில் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன வாரம் எனக்குப் போன் செய்தாள். "சிஸ்டர், டைப் ஒன் பிள்ளைகளுக்குச் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாத்தா ஒரு நாளும் சொன்ன அளவுக்குள்ள வரமாட்டேங்குது. நம்மகிட்ட வந்து அழுவுறாங்க. என்ன பதில் சொல்றது?" நான் ஓய்வு பெற்று, வீட்டில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பவள். கேள்வியைக் கேட்டதும் கீரையைத் தள்ளி வைத்துவிட்டேன். நல்ல கேள்வி காதில் விழுந்தால் எனக்கு உட்கார முடியாது, எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்கும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டேதான் பேசினேன். அதையே உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஊசியை எந்த இடத்தில் போடுவது, மருந்தை எப்படிக் குளிர்ச்சியாக வைத்திருப்பது, சாப்பாட்டுக்குக் கணக்கு எப்படிப் போடுவது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கமே போகப்போவதில்லை. மீட்டரில் ஒரு எண் வருகிறது, சுற்றி நிற்கிற எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள், அந்த நிமிடம் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதுதான் நம் வேலை. அதைச் சொல்ல நான் உங்களை ஒரு பாய்மரப் படகுப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வெயில் கொஞ்சம் காயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் பெயர் சகாயம். தங்கச்சிமடம் பக்கத்து மீனவக் கிராமம். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் படிக்கும்போது டைப் ஒன் என்று தெரிந்தது. அதாவது உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோயிற்று, வெளியிலிருந்து போட்டால்தான் உண்டு. நமக்கெல்லாம் வயிற்றுக்குள் யாரும் சொல்லாமலேயே நடக்கிற வேலையை அவன் ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் தானே யோசித்து, தானே கணக்குப் போட்டு, தானே குத்திக்கொண்டு செய்ய வேண்டும். அப்பா இல்லை. அம்மா ஜெயமேரி. அம்மாவின் தம்பி லூர்து அவனுக்குத் தாய்மாமன், ஊரில் பாய்ப் படகு ஓட்டுவதில் பேர்போனவர். அவர் படகில்தான் இவனும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

பையன் கெட்டிக்காரன். அதுதான் தொல்லையே. அரைகுறையாக இருப்பவர்களை நாம் அதட்டி உருட்டி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம், எல்லாவற்றையும் நூற்றுக்கு நூறு செய்கிறவர்களை என்ன செய்வது? சாப்பிட்ட பிறகு மீட்டரில் நூற்று எண்பதுக்கு மேல் ஒரு புள்ளி கூடினாலும் அவன் முகம் செத்துவிடும். கிளினிக்குக்கு வந்து நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லுவான். "இன்னைக்கும் பெயில் சிஸ்டர்." அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யாருலே உனக்குப் பரீட்சை வச்சது?" என்று கேட்பேன்.

"நீங்கதான. அளவு சொன்னீகல்ல."

"வலை வச்சுட்டுச் சும்மா வாரீகளே, அன்னைக்குக் கடலு பெயிலா, நீங்க பெயிலா?"

சிரிப்பான். ஆனால் அடுத்த மாதம் வந்து அதே வார்த்தையைத்தான் சொல்லுவான். அதே மீனை, அதே சோற்றை, அதே அளவு மருந்தைப் போட்டுச் சாப்பிட்டிருப்பான். ஒரு நாள் நூற்றைம்பது வரும், இன்னொரு நாள் இருநூற்று அறுபது வரும். முந்தின இரவு தூங்கினானா, வெயிலில் நின்றானா, வலை இழுத்தானா, யாரோடாவது சண்டை போட்டானா, எல்லாமே அந்த எண்ணில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவன் மனம் ஆறவில்லை. எண் பிசகினால் தான்தான் பிசகிவிட்டோம் என்று எடுத்துக்கொள்வான்.

ஒரு நாள் அது வினையாகிவிட்டது. மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் பார்த்திருக்கிறான், கூடுதலாக இருந்திருக்கிறது. பொறுக்காமல் ஒரு ஊசி போட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்த்தான், இறங்கவில்லை. இன்னொன்று போட்டான். சாப்பாட்டுக்கு முன் போட்டதே உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது, அதன் தலைமேல் இரண்டு. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இழுத்தபோது மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் சுருண்டு விழுந்தான். குடித்திருக்கிறான் என்று நினைத்து இரண்டு பேர் தாண்டிப் போயிருக்கிறார்கள். லூர்து வந்து பார்த்து, டீக்கடையிலிருந்து சீனியை அள்ளி வாயில் போட்டு, எங்கள் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கண் திறந்ததும் அவன் முதலில் கேட்டது, "இப்ப எவ்வளவு சிஸ்டர்?" எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏலே, உங்க ஊர்ல தண்ணி ஏறுறப்ப கரையில நின்னு கடலை அடிப்பீகளா?"

"அதெப்படி சிஸ்டர். தண்ணி ஏறுதா வத்துதான்னு பாத்துட்டுத்தான் படகை இறக்குவோம்."

"அப்ப இதையும் அப்படிப் பாரு. சாப்புட்டா ஏறத்தான் செய்யும். ஏறுதா, வத்துதா, உள்ள இன்னும் மருந்து இருக்கா, அம்புட்டுத்தான் கேள்வி. பெயில்ங்கிற வார்த்தை இனிமே உன் வாயில வரக்கூடாது."

தலையை ஆட்டினான். வெளியே போய்ப் பார்த்தால் லூர்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "சிஸ்டர், இனிமே அவனைப் படகுல ஏத்த மாட்டேன்" என்றார். "நடுக்கடல்ல இப்படி விழுந்தா நான் எங்க அக்காவுக்கு என்ன பதில் சொல்லுவேன்?" அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சகாயத்துக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. படகு இல்லாமல் கரையில் மீன் பெட்டி தூக்கிக்கொண்டு, கூட்டாளிகள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், கோயில் திருவிழாவுக்குப் படகுப் போட்டி வைத்தார்கள். லூர்து படகில் பலகை ஏறுகிறவனுக்குக் கை ஒடிந்துவிட்டது. பலகை ஏறுவது என்றால், காற்று பாயை அழுத்திப் படகு சாயும்போது எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் பலகையில் ஏறி, உடம்பை வெளியே சாய்த்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகைச் சமன் செய்கிற வேலை. கீழே கடல்தான் இருக்கும். ஊரிலேயே அந்த வேலைக்குச் சகாயத்தை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது லூர்துக்கும் தெரியும். எனக்குப் போன் வந்தது. "சிஸ்டர், நீங்க வந்து கரையில நின்னு, உங்க வாயால சரின்னு சொன்னா ஏத்துறேன். இல்லைன்னா இந்த வருசம் போட்டியே வேண்டாம்."

எனக்கு விடுமுறை நாள். நான் போகிறேன் என்று தெரிந்ததும் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ரேவதியும் கூட வந்தாள். திருப்புல்லாணிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், கடலைத் தூரத்தில் நின்று கும்பிட்டதோடு சரி. உச்சிப்புளியில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து கேள்விமேல் கேள்வி. அவள் மடியில் நம் பை இருந்தது. மீட்டர், இன்சுலின் பேனா, குளுக்கோஸ் பொட்டலங்கள் எல்லாம் அதில்தான்.

ஊரே கரையில் நின்றது. பூசை முடிந்து சாமியார் படகுகளை மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். சகாயம் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தான். காலையில் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டிருந்தான். உடம்புக்கு வேலை அதிகம் என்பதால் டாக்டர் சொல்லியிருந்தபடி மருந்தைக் கொஞ்சம் குறைத்தே போட்டிருந்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் பார்த்தபோது இருநூற்று முப்பத்தெட்டு. "ஏறுது சிஸ்டர்" என்று அவனாகவே சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். பெயில் என்ற வார்த்தை உள்ளே நின்று துடிப்பது எனக்குத் தெரிந்தது.

போட்டி தொடங்கவில்லை. காற்று வரவில்லை. சோழகம் என்கிற தென்காற்று எழுந்தால்தான் பாய் விரியும் என்று தெற்கே பார்த்துக்கொண்டு எல்லோரும் மணலில் உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில்தான் லூர்து படகுக்காரர்களுக்குப் பானகம் கரைக்கிற வழக்கம் நடந்தது. சாயல்குடியிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியை உடைத்துப் பானைத் தண்ணீரில் போட்டு, எலுமிச்சையும் சுக்கும் சேர்த்துக் கையாலேயே கரைப்பார்கள். ஏறுவதற்கு முன் ஆளுக்கு ஒரு லோட்டா குடித்துவிட்டுத்தான் படகைத் தள்ளுவது.

கரைக்கிறவன் சகாயம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லூர்து சிரித்துக்கொண்டே சொன்னார். "இவன்தான் சிஸ்டர் எப்பவும். மத்தவன்கிட்ட குடுத்தா கரைக்கும்போதே பாதிய ருசி பாத்துருவான். இவன் வாயில வைக்க மாட்டான்ல, பானை நெறஞ்சு இருக்கும்." படகில் ஏறாத அந்த வருடத்திலும்கூடக் கரையில் இருந்து கரைத்துக் கொடுத்திருக்கிறான். முழங்கை வரை உள்ளே விட்டுக் கட்டிகளை நசுக்கிக் கரைத்துவிட்டு, எங்களுக்கும் ஆளுக்கு ஒரு லோட்டா கொண்டுவந்து கொடுத்தான். ஒரு மடக்கு குடித்தேன். தொண்டையே ஒட்டிக்கொள்கிற இனிப்பு. அவன் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா இருக்குய்யா" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்துவைத்தேன். ரேவதியும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அந்த லோட்டாவைக் கீழே வைப்பதற்குள் காற்று வந்துவிட்டது. முதலில் கொடித் துணிகள் அசைந்தன, பிறகு மணல் பறந்தது, பிறகு கரை முழுக்க ஒரே சத்தம். விசில் ஊதிவிட்டார்கள், படகுகளை வரிசைக்குக் கொண்டுவரச் சொல்லி. சகாயம் ஓடிவந்து கையை நீட்டினான். ஏறுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம். ரேவதி குத்தினாள், மீட்டர் பட்டையில் இரத்தச் சொட்டை வாங்கினாள்.

நானூற்றுப் பன்னிரண்டு.

பிள்ளைகளே, இப்போது நான் உங்களைக் கேட்ட அந்த நிமிடத்துக்கு வந்துவிட்டோம். எல்லோர் கண்ணும் என்மேல்தான். ஜெயமேரி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் ராசா, ஏறாத, இந்தப் போட்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். ரேவதி பேனாவை எடுத்து மூடியைத் திறந்துவிட்டாள். லூர்து படகைப் பார்த்துத் திரும்பினார். சகாயம் ரேவதியின் கையிலிருந்து பேனாவை வாங்கப் போனான்.

"குடுங்க சிஸ்டர், போட்டுட்டே ஏறுறேன். பெயில்தான். எனக்குத் தெரியும், பெயில்தான்."

பாவப்படுவதற்கு அங்கே நேரம் இல்லை. இந்த நானூறு உண்மை என்றால் படகு கிடையாது, நேரே ஆஸ்பத்திரி, வேறு பேச்சே இல்லை. உண்மை இல்லை என்றால், அதை நம்பி ஊசியைப் போட்டு அவனை அனுப்பினால், பலகையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது மயங்கிக் கடலில் விழுவான். இரண்டில் எது? விசில் மறுபடி ஊதியது.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பேனாவை எடுக்கவிடாமல் தடுக்கத்தான் பிடித்தேன். பிடித்துக்கொண்டு யோசித்தேன். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் இருநூற்று முப்பத்தெட்டு. அதற்குப் பிறகு அவன் வாயில் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் போகவில்லை. சாப்பாட்டுக்குப் போட்ட மருந்து இப்போதுதான் நன்றாக வேலை செய்கிற நேரம். தாகம் என்று அவன் சொல்லவில்லை, ஒன்றுக்கு ஒதுங்கப் போகவில்லை, பானையைத் தனியாகத் தூக்கிவைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறான். ஆள் ஒரு கதை சொல்கிறான், மீட்டர் வேறு கதை சொல்கிறது. மீட்டரை நம்பி ஆளை விட்டுவிடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. நான் ஆளைப் பார்த்தேன். அப்போதுதான் என் விரல்கள் அவன் கையை விட்டு வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருப்பது உறைத்தது. அவன் சுட்டுவிரல் நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, விரட்டினால் திரும்பவும் அங்கேயே வந்து உட்கார்ந்தது.

"ஏலே, கையக் கழுவுனியா?"

"தொடச்சேன் சிஸ்டர்."

"எதுல தொடச்ச?"

"கைலில."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கருப்பட்டியை நசுக்கிய விரலைக் கைலியில் துடைத்துவிட்டு நீட்டியிருக்கிறான். விரலில் ஒட்டியிருந்த கருப்பட்டியும் இரத்தத்தோடு சேர்ந்து போய் மீட்டரில் உட்கார்ந்துகொண்டது. மீட்டர் என்ன செய்யும் பாவம், கண்ட இனிப்பைச் சொல்லிவிட்டது. "ரேவதி, குடிக்கிற தண்ணிய எடு, இவன் கையில ஊத்து" என்றேன். பாட்டில் முழுவதையும் ஊற்றினாள். நானே இரண்டு கையையும் தேய்த்துக் கழுவி, என் முந்தானையில் ஈரம் போகத் துடைத்துவிட்டேன். வேறு விரல், வேறு பட்டை.

இருநூற்றுப் பதினான்கு.

ஜெயமேரி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. கவனமாகக் கேளுங்கள், இனிமேல்தான் நம் பாடம். ரேவதி பேனாவை இன்னும் மூடவில்லை. "சிஸ்டர், இதுவும் கூடத்தானே? நூத்தி எண்பதுக்குள்ள இருக்கணும்னுதானே நம்ம சொல்றோம். கொஞ்சமா போட்டுடலாமா?" என்றாள். சகாயமும் ஆமாம் என்று தலையாட்டினான். நேர்மையாகச் சொன்னால், இரண்டு பேரும் நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் திருப்பிச் சொன்னார்கள்.

"போடக் கூடாது" என்றேன். "முன்னாடி இருநூத்தி முப்பத்தெட்டு, இப்ப இருநூத்திப் பதினாலு. தண்ணி வத்துது. உள்ள மருந்து இன்னும் கிடக்கு. இனிமே இவன் பலகையில தொங்கி இழுக்கப்போற இழுப்புக்கு இந்த இருநூத்திப் பதினாலு கூடுதல் இல்ல, மடியில கட்டிக்கிட்டுப் போற கட்டுச்சோறு. அதைப் புடுங்கிட்டு அனுப்பச் சொல்றியா?" ரேவதி பேனாவை மூடினாள். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

குளுக்கோஸ் பொட்டலங்களைப் பாலிதீனில் சுற்றி ஒன்றை அவன் இடுப்பிலும் ஒன்றை லூர்து இடுப்பிலும் கட்டினேன். "கடல்ல குத்திப் பாக்க முடியாது. இவனுக்கு இறங்குதுன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீக?" என்று லூர்தைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "இவன் என்னைய எதுத்துப் பேசாம எப்ப இருக்கானோ, அப்ப இறங்கிருச்சுன்னு அர்த்தம்" என்றார். நம் புத்தகங்களில் இருக்கிற எந்த அறிகுறியையும்விட எனக்கு அது பிடித்திருந்தது. அப்புறம் அவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"சரியா சிஸ்டர்?"

"சரி" என்றேன். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

படகுகள் கிளம்பின பாருங்கள், அந்தக் காட்சியை நான் எப்படிச் சொல்ல. பாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காற்றைப் பிடித்தன. லூர்து படகின் பாயில் நீல ஓரம் தைத்திருந்தது, அதனால் எனக்கு அடையாளம் தெரிந்தது. சகாயம் பலகையின் நுனிக்கே போய் முதுகு தண்ணீரைத் தொடுகிற மாதிரி வெளியே சாய்ந்திருந்தான். கரையில் ஆம்பளை பொம்பளை எல்லோரும் கத்தினார்கள். ரேவதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டாள், போனதே அவளுக்குத் தெரியவில்லை. தூரத்தில் ஒரு மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் பைனாகுலரில் பார்த்து மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். நீல ஓரம் இரண்டாவது, நீல ஓரம் முந்துகிறது, மிதவையில் நீல ஓரம்தான் முதல்.

அடுத்து மைக்கில் குரல் தயங்கியது. "நீலப் பாய் உதறுது. என்னன்னு தெரியல, கயித்த விட்டுட்டாக."

ஜெயமேரி செபமாலையைப் பிடித்த கையோடு என் தோளை அழுத்தினார். அவர் நகம் பதிந்த இடம் ஒரு வாரம் வலித்தது. நான் சொன்ன 'சரி'யைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்று இருந்தது. ஒரு படகு தாண்டிப் போயிற்று, இன்னொன்றும் தாண்டியது. கடலில் என்ன நடக்கிறது என்று கரையில் இருக்கிற யாருக்கும் தெரியவில்லை. கமிட்டிக்காரர் கூட மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். அப்புறம் அந்த நீலப் பாய் மெல்ல உப்பியது, காற்றைப் பிடித்தது, பலகையில் ஒரு ஆள் ஏறினான். ஜெயமேரிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எம்புள்ளதான் அது, எம்புள்ளதான்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்றார்.

மூன்றாவதாக வந்தார்கள். படகு தரை தட்டியதும் சகாயம் தானாகக் குதித்து, தானாக நடந்து என்னிடம் வந்தான். வந்ததும் முதல் வேலையாக, "தண்ணி ஊத்துங்க, கையக் கழுவணும்" என்றான். ரேவதி ஊற்றினாள். மீட்டரில் எழுபத்து நான்கு. இடுப்புப் பொட்டலம் காலி.

லூர்து மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார். "மிதவையில திரும்பையில பலகைய மாத்துலேன்னு ஏசுனேன் சிஸ்டர். எப்பவும் பத்து வார்த்தை திருப்பிப் பேசுவான். இன்னைக்கு ஒரு சத்தமும் இல்ல, சும்மா பாத்துக்கிட்டு நின்னான். பாய்க் கயித்த விட்டுட்டேன். இழுத்து உள்ள போட்டு, பொட்டலத்தப் பிரிச்சு வாயில கொட்டிட்டுத்தான் மறுவேலை. பரிசு போனா போகுது." அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இருநூற்றுப் பதினான்கோடு போயே எழுபத்து நான்கு. வழியில் குளுக்கோஸும் தின்று எழுபத்து நான்கு. அந்த நானூற்றுப் பன்னிரண்டை நம்பியிருந்தால், அல்லது இருநூற்றுப் பதினான்கை நேராக்குகிறேன் என்று கொஞ்சமாகப் போட்டிருந்தால்கூட, நீலப் பாய் திரும்பி வந்திருக்கும், பலகையில் ஆள் இருந்திருக்க மாட்டான். சாப்பிட்ட பிறகு வருகிற எண் அழகாக இல்லையே என்று உங்களிடம் யாராவது அழுதால், முதலில் கையைக் கழுவச் சொல்லுங்கள். அப்புறம் ஏறுதா வத்துதா என்று கேளுங்கள். உள்ளே மருந்து இருக்கிறதா, இனி என்ன வேலை செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள். பல நாள் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய வைத்தியம் பேனாவை மூடிவைப்பதாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு எழுபத்து நான்கு போதாது, இன்னும் இறங்கும், இனிப்புக் கொடுக்க வேண்டும். ரேவதி பையைத் துழாவினாள். அதற்குள் லூர்து பானையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அடியில் பானகம் மிச்சம் இருந்தது. ஒரு லோட்டாவில் ஊற்றி நீட்டினார். சகாயம் வாங்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"குடி" என்றேன். "இன்னைக்கு உனக்கு இதுதான் மருந்து."

அத்தனை வருடங்களாக அவன் கரைத்த பானகத்தை முதல் தடவையாக வாயில் வைத்தான். ஒரு மடக்கு உள்ளே போனதும் முகம் கோணியது.

"மாமா, என்னது இது. இம்புட்டு இனிப்பா இருக்கு."

படகுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் மணலைப் பார்த்தான். முதலில் சிரித்தது ரேவதிதான், பிறகு எல்லோருக்கும் அடக்க முடியவில்லை.

"இத்தன வருசமா ஒருத்தனும் சொல்லலயே" என்றான் சகாயம்.

லூர்து அவன் தலையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டார். "நீ வாயில வைக்க முடியாத சாமான எங்களுக்குன்னு உக்காந்து கரைக்கிற. அதுல போயி எவம்லே குறை சொல்லுவான்?"

சகாயம் லோட்டாவை முழுக்கக் குடித்தான். பிறகு ஒரு குடம் தண்ணீர் வாங்கிப் பானையில் ஊற்றிக் கலக்கி, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி, எல்லோருக்கும் மறுபடி கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். நிஜமாகவே நன்றாக இருந்தது. தோற்றவர்கள், ஜெயித்தவர்கள் எல்லோரும் வந்து வாங்கிக் குடித்தார்கள்.

கோயிலில் அசனச் சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. சகாயம் கையைக் கழுவி, துடைத்து, விரலைக் குத்தினான். நூற்றுத் தொண்ணூற்று ஆறு. ரேவதி என்னைப் பார்த்தாள். நான் சகாயத்தைப் பார்த்தேன்.

அவன் மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"ஏறுது சிஸ்டர்" என்றான். "வத்தும். வாங்க, சாப்புடப் போவோம்."